அறையில் நிற்கும் ஆம்ப், மைக் வழியே வரும் ஆம்ப்

“சார், இது பழுதாகிவிட்டது. கொசுக் கூட்டம்போல இரைகிறது” என்றபடி ஒரு கிட்டார் கலைஞர் தன் புது மாடலரை, அதாவது ஆம்ப்ளிஃபையரின் ஒலியை மென்பொருளால் போலச் செய்யும் கருவியை, என் மேசையில் வைத்தார். நேராக மிக்ஸரில் செருகிக் கேட்டேன். அவர் சொன்னது உண்மைதான். காதைக் கீறும் இரைச்சல். திரையில் வரிசையாக இருந்த கட்டங்களில் ‘கேபினெட்’ (ஸ்பீக்கர் பெட்டி) என்ற ஒன்று மட்டும் அணைந்து கிடந்தது. அதைத் தொட்டு இயக்கினேன். இரைச்சல் அடங்கி, ஆம்ப் ஒலி வந்துவிட்டது.

அதே வாரம் இன்னொருவர் வந்தார். அவருக்கு நேரெதிரான குறை: போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் மந்தமாக இருக்கிறதாம். அவருடைய மாடலரில் கேபினெட் இயங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த ஒலியை அவர் பவர் ஆம்ப் வழியாக உண்மையான கிட்டார் கேபினெட்டுக்குள் அனுப்பியிருந்தார். ஒரே ஒலி இரண்டு கேபினெட்டுகளைக் கடந்தால் மந்தமாகத்தான் இருக்கும். இரண்டு கருவிகளிலும் நான் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை.

வால்வு ஆம்ப்களை, அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பெட்டிகளை, பழுதுபார்ப்பது என் தொழில். வார இறுதிகளில் மேடை ஒலியையும் கவனிக்கிறேன். “வால்வு ஆம்பை விற்றுவிட்டு மாடலர் வாங்கிவிடலாமா?” என்று கேட்காதவர்கள் குறைவு. நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: “நீங்கள் எங்கே நின்று கேட்பீர்கள்?”

கிட்டார் ஸ்பீக்கரை வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கரின் உறவு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஒலியைக் கரகரக்க வைக்கும் ‘டிஸ்டார்ஷன்’ உண்டாக்கும் கூர்மையான மேல் அதிர்வுகளை வடிகட்டி, கேட்கும்படி ஆக்குவதே அதுதான். ஆம்ப் ஒலியில் ஸ்பீக்கருக்குப் பாதிப் பங்கு என்பேன். மாடலர் அந்தப் பங்கைப் பெரும்பாலும் ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ என்ற பதிவின் மூலம் நிரப்புகிறது. அந்தப் பதிவில் ஸ்பீக்கர் மட்டும் இருப்பதில்லை. அதன் முன் வைத்த மைக், அந்த மைக்கின் தூரம், கோணம் எல்லாமே சேர்ந்திருக்கின்றன. ஆக மாடலர் தருவது, மைக் வைத்துப் பதிவு செய்த ஆம்பின் ஒலி.

வால்வு ஆம்ப் முன் நிற்பவர் கேட்பது வேறு. அவர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறார். தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் அவரை வந்தடைகிறது. கால்சட்டை காற்றில் துடிக்கிறது. இந்த அனுபவத்தை ஹெட்போனில் தேடிவிட்டு “மாடலரில் உயிரில்லை” என்பது, நேரில் கேட்ட கச்சேரியை அதன் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது போன்றது. பெரிய மேடைகளில் கூட்டம் எப்போதுமே மைக் வழியாக வந்த ஆம்பைத்தான் கேட்டது. அறையில் நின்ற ஆம்பைக் கேட்டவர் வாசித்தவர் ஒருவரே. மாடலருக்கு மாறும்போது எதையோ இழந்தவரும் அவர் ஒருவரே. அந்த இழப்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆம்பிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் தந்தியை மீண்டும் அதிரவைத்து ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது விரலுக்குத் தெரியும் விஷயம்.

அடுத்த தகராறு சத்தத்தின் அளவில். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதக் காது தாழ்ந்த சத்தத்தில் அடித்தொனிகளைக் குறைவாகவே உணர்கிறது என்பதை வரைபடமாகவே காட்டினார்கள். இரவில் ஹெட்போன் மாட்டி, தாழ்ந்த ஒலியில் அமைக்கும் ப்ரீசெட்டில் (மாடலரில் சேமித்து வைக்கும் ஒலி அமைப்பில்) நம் கை தானாகவே அடித்தொனியையும் உச்சத்தொனியையும் ஏற்றி வைக்கிறது. மறுநாள் மேடையில் அதே ப்ரீசெட் கீழே குமுறுகிறது, மேலே குத்துகிறது. கிட்டார் வாழும் நடுத்தொனி, டிரம்ஸுக்கும் பாஸுக்கும் இடையில் காணாமல் போகிறது. “மாடலர் பாண்டுக்குள் கேட்பதே இல்லை” என்ற புகாரோடு வருபவர்களிடம் நான் செய்யச் சொல்வது, மேடைச் சத்தத்தில் வைத்து ப்ரீசெட்டைத் திருத்தி அமைப்பது மட்டும்தான். கடையில் இரண்டு கருவிகளை ஒப்பிடும்போதும் இதே வலை விரிந்திருக்கிறது. ஒன்று சற்றே உரக்க ஒலித்தால் போதும், அதுதான் நல்ல ஒலி என்று காது தீர்ப்பு எழுதிவிடும். கைப்பேசியில் டெசிபல் அளக்கும் செயலியை வைத்தாவது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள்.

சத்தம் என்றதும் ஒரு கணக்கு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் கத்தும் கிட்டார் ஸ்பீக்கர்கள் உண்டு. அதற்கு 15 வாட் கொடுத்தால் ஏறத்தாழ 112. 50 வாட்டுக்கு 117. 100 வாட்டுக்கு 120. ஐம்பதிலிருந்து நூறுக்குத் தாவினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். இரண்டு மடங்கு சத்தம் என்று நம்பிச் சுமப்பது முதுகுக்குத்தான் கேடு. சின்ன வால்வு ஆம்ப் போதும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம். பவர் வால்வுகளை நன்றாக முடுக்கினால்தான் ஒலி இனிமையாகக் கரகரக்கும். அந்த இனிமைக்காக வால்யூமை ஏற்றுகிறோம். காது விலை கொடுக்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு, 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். நம் ஒத்திகைகள் இரண்டு மணி நேரம் ஓடுகின்றன. என் இடது காதில் ஓயாத ரீங்காரம் ஒன்று இருக்கிறது. சிம்பல் பக்கம் நின்றே கழித்த இளமையின் மிச்சம் அது. மாடலர் வாங்கியவர்களும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஹெட்போனில் வால்யூமை ஏற்றிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை, அக்கம்பக்கத்தாரின் புகாரும் வராது.

சத்தத்துக்குப் பயந்து சிலர் செய்யும் காரியம் ஒன்று என்னை நடுங்க வைக்கிறது. வால்வு ஆம்பின் ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிவிட்டு, எஃபெக்ட் வெளியீட்டிலிருந்து சத்தமில்லாமல் பதிவு செய்யப் பார்க்கிறார்கள். மாடலரில் ஹெட்போனைக் கழற்றுவதுபோல என்று எண்ணம். ஸ்பீக்கர் என்ற சுமை இல்லாமல் ஓடும் வால்வு ஆம்பில் மின்னழுத்தம் தறிகெட்டு எகிறும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். அப்படி எரிந்த ஒன்றின் வாடை என் பட்டறையில் மூன்று நாள் போகவில்லை. சத்தமில்லாமல் பதிவு செய்ய, ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சுமையைத் தாங்கும் லோட் பாக்ஸ் இருக்கிறது. ஆம்பில் குறித்திருக்கும் 4, 8, 16 ஓம் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பொருத்துங்கள்.

வால்வு ஆம்பை நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும்; மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டிக் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ‘ஹம்’ என்ற ரீங்கார இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டு வருபவர்களை நான் திட்டித்தான் அனுப்புகிறேன். 1972இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியாக இல்லாத மைக்கை அவர் தொட்டதே காரணம். மாடலரோடு மேடை ஏறுபவரின் உதடும் மைக்கைத் தொடுகிறது. கையில் இருப்பது எந்தக் கருவியானாலும் எர்த் எர்த்தான்.

மாடலருக்கு அதன் சொந்த நோய்கள் உண்டு. அது ஒரு கணினி. மின்சாரம் கண் சிமிட்டினால் வால்வு ஆம்ப் ஒரு கணம் தள்ளாடிவிட்டுத் தொடரும். மாடலரோ முதலிலிருந்து தொடங்கும், அதுவரை பாட்டு நடுவில் நீங்கள் சிலையாக நிற்பீர்கள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மென்பொருளைப் புதுப்பித்து, எல்லா ப்ரீசெட்டும் அழிந்துபோய் விடிய விடிய உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் துணையாக நானும் விழித்திருக்கிறேன். ப்ரீசெட்டுகளுக்கு நகல் எடுத்து வையுங்கள். நிகழ்ச்சி வாரத்தில் புதுப்பிப்பைத் தொடாதீர்கள்.

தந்தியை மீட்டுவதற்கும் மாடலரிலிருந்து ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம் பற்றிய பயம் மட்டும் மிகை. ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் நகர்கிறது. மாடலர் எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று மில்லி செகண்டு, ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். கணினியில் 256 சாம்பிள் பஃபரோடு (ஒலியைத் துண்டுதுண்டாகச் சேர்த்து வைத்து அனுப்பும் இடைநிறுத்தத்தோடு) வாசித்தால் ஒரு வழிக்கே 5 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆயுள் விஷயத்தில் என் பாரபட்சத்தை மறைக்கப் போவதில்லை. 1950களின் ஃபெண்டர் பேஸ்மேன் என்ற ஆம்பின் மின்சுற்றை ஒட்டியே மார்ஷல் நிறுவனம் தன் முதல் ஆம்பை 1960களின் தொடக்கத்தில் கட்டியது. அந்தக் கால ஆம்ப் ஒன்று இன்று வந்தாலும் சோல்டரிங் இரும்பும் பொறுமையும் இருந்தால் பேச வைத்துவிடலாம். 1998இல் வந்த லைன் 6 பாட் போன்ற முதல் தலைமுறை மாடலரின் பிராசசர் செத்தால், கைகூப்பித் திருப்பிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை.

கொசுக் கூட்டக்காரருக்கு வருகிறேன். தன் வால்வு ஆம்பை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, அதையும் தூக்கிக்கொண்டு ஒத்திகைக் கூடத்துக்கு வந்தார். கிட்டாரை அவருடைய நண்பரிடம் கொடுத்து அந்த வால்வு ஆம்பில் வாசிக்கச் சொல்லிவிட்டு, கொசுக் கூட்டக்காரரை எட்டு மீட்டர் தள்ளி, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். முழங்கால் உயரத்தில் கிடக்கும் ஆம்பின் கூர்மையான தொனி, பக்கத்தில் நிற்பவரின் கணுக்காலைத் தாண்டிப் போய்விடும். முன் வரிசையில் இருப்பவரின் முகத்தில்தான் குத்தும். ஒரு நிமிடம் கேட்டார். “இத்தனை வருஷமும் இவர்கள் இப்படியா கேட்டுக்கொண்டிருந்தார்கள்?” என்றார்.

ஆம்பை அவர் விற்கவில்லை. அதைச் சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கினார். மாடலரைப் பெரிய மேடைகளுக்கு மட்டும் எடுத்துப்போகிறார், கேபினெட் கட்டம் இயங்குகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு.