கியாந்தி ஒயினில் எதற்காகப் பல திராட்சைகள்?

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடைப்பட்ட குன்றுகளில் உருவாகும் சிவப்பு ஒயின் கியாந்தி கிளாசிக்கோ. அதன் உயிர்நாடி சான்ஜோவேசே என்னும் திராட்சை. சட்டப்படி குறைந்தது 80 சதவீதம் அதுவே இருக்க வேண்டும். எஞ்சிய பங்கில் வேறு திராட்சைகளைச் சேர்ப்பது ஏன் என்பதற்கு விடை நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பழத்தின் மணம் என்று தேடுவதைவிட, புளிப்பும் துவர்ப்பும் எப்படி எழுந்து எப்படி அடங்குகின்றன என்று கவனித்தால் கலவை ஒயின் நன்றாகப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறுசுவைகளில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பை இன்றைய உடலியல் பெரும்பாலும் தொடு உணர்வாகவே பார்க்கிறது. எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் உள்ளன. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒயினுக்குள் இறங்கும் டானின்கள் இந்தப் புரதங்களைப் பற்றித் திரளவைக்கின்றன. எச்சிலின் வழவழப்பு குறைகிறது. நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உரசத் தொடங்குகின்றன. பாக்கை மெல்லும்போது வாய் இழுத்துப் பிடிப்பதும் டானினால்தான். அடுத்தடுத்த மிடறுகளில் இந்த இழுப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே முதல் மிடற்றை மட்டும் வைத்து ஒயினை மதிப்பிடக் கூடாது.

சான்ஜோவேசேயில் டானினும் உண்டு, புளிப்பும் அதிகம். அமிலம் எச்சிலை ஊறவைக்கும். ஆனால் அதே அமிலம் டானினின் துவர்ப்பைத் தூக்கியும் காட்டும். இந்த முரட்டுத்தனத்தைத் தணிக்கத்தான் துணைத் திராட்சை வேண்டியிருந்தது.

ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமராக இருந்த பெத்தினோ ரிகாசொலி, ப்ரோலியோ கோட்டையைச் சூழ்ந்த தம் தோட்டங்களில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். 1872-இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் முடிவைத் தெளிவாகச் சொன்னார்: மணமும் வீரியமும் சான்ஜோவேசே தருவது, அதன் மணத்தைக் கெடுக்காமல் கடுமையைத் தணிப்பது கனயோலோ என்ற சிவப்புத் திராட்சை, ஒயினை இலேசாக்கி, அன்றாடச் சாப்பாட்டுக்கு விரைவில் தயாராக்குவது மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. நெடுநாள் வைத்திருக்கும் ஒயினுக்கு மல்வாசியா தேவையில்லை என்றும் குறிப்பிட்டார். வாய்க்குள் நடப்பதன் வேதியியல் பிடிபடாத காலத்திலேயே, சுவைத்துச் சுவைத்து அவர் கண்ட கணக்கு இது.

அந்த நுட்பத்தைப் பின்னாளில் சட்டம் தவறவிட்டது. 1967-இல் வந்த விதி, கியாந்தியில் 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கியது. வெள்ளைத் திராட்சையில் சிவப்பு நிறமி கிடையாது. டானினும் குறைவாகவே சேரும். சான்ஜோவேசேயின் நிறமே அடர்த்தி குறைந்தது. அதையும் நீர்த்துப்போகச் செய்தால் என்ன மிஞ்சும்? ஒயின் தயாரிக்கும் அந்தினோரி குடும்பம் 1971 அறுவடையில் தொடங்கிய தின்யனெல்லோ என்ற ஒயின் வேறு வழியில் சென்றது. 1975-இல் வெள்ளைத் திராட்சையை முற்றிலும் விலக்கி, கேபர்னே சோவின்யான் என்ற சிவப்புத் திராட்சையைச் சேர்த்தது. கியாந்தி என்ற பெயரைத் துறந்து, சாதாரண ‘மேசை ஒயின்’ என்ற தகுதியில் விற்பனைக்கு வந்தது. கியாந்தி கிளாசிக்கோவிலும் 2006 முதல் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை.

கேபர்னே நிறத்தையும் கட்டமைப்பையும் தருகிறது. ஆனால் அளவோடு இருக்க வேண்டும். அதிலுள்ள பைரசின் வகைச் சேர்மங்கள் குடைமிளகாய் மணம் கொண்டவை. லிட்டருக்குச் சில நானோகிராம்களே இருந்தாலும் மூக்கு கண்டுகொள்ளும். சான்ஜோவேசேயின் புளிச்செர்ரி மணத்தை அது மூடிவிட்டால், கலவை தோற்றுவிட்டது என்பேன்.

மணத்தை அறிய, கிண்ணத்தைச் சுழற்றி முகர்வது பாதி வேலைதான். விழுங்கியபின் தொண்டை வழியாக மூக்குக்குள் ஏறும் ஆவியே நாம் ‘ருசி’ என்பதில் பெரும்பங்கு. விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மெல்ல மூச்சு விடுங்கள். ஒயின் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். மேலும் குளிர்ந்தால் மணம் ஒடுங்கி, துவர்ப்பு முன்னே நிற்கும். ஃபுளோரன்ஸில் இந்த ஒயினோடு தணலில் சுட்ட தடித்த மாட்டிறைச்சித் துண்டைச் சாப்பிடுவதற்கும் காரணம் உண்டு: இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள, எச்சிலின் வழவழப்பு அவ்வளவாகக் குறைவதில்லை.