எண்டோமென்ட்: சாவா மூவாப் பணத்துக்கு என்ன பெயர்?

அமெரிக்காவில் மரப் பராமரிப்பு ஆய்வுக்கும் கல்விக்கும் பணம் தரும் தொண்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. பெயர் ட்ரீ ஃபண்ட். மரம் சம்பந்தப்பட்டது, அதனால் ட்ரீ என்று நினைத்துவிடத் தோன்றும். உண்மையில் அது நான்கு சொற்களின் முதலெழுத்துக் கோவை: ட்ரீ, ரிசர்ச், எஜுகேஷன், எண்டோமென்ட். முதல் மூன்றும் சிக்கலே இல்லை. மரம், ஆய்வு, கல்வி. நான்காவதற்கு வரும்போதுதான் பேனா நிற்கிறது.

நம்மில் பலர் இந்தச் சொல்லை முதலில் கேட்டது காப்பீட்டு முகவர் வாயில்தான். எண்டோமென்ட் பாலிசி: இத்தனை வருடம் கட்டினால் முடிவில் ஒரு மொத்தத் தொகை. அந்த நினைப்போடு வந்தால் இங்கே வழி தவறிவிடும். அங்கே பணம் ஒருநாள் கைக்கு வந்து கணக்கு முடிகிறது. இங்கே முடியவே கூடாது என்பதுதான் ஏற்பாடு.

நன்கொடை என்று எழுதினால்? அதுவும் பொருந்தாது. நன்கொடை வரும், செலவாகும், தீரும். எண்டோமென்ட் என்பது முதலைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அது ஈட்டித் தருவதில் மட்டும் செலவு செய்யும் பணம். ஒரு லட்சம் டாலர் போட்டால் ஆண்டுக்கு நான்கு விழுக்காடு, அதாவது 4,000 டாலர் ஆய்வுக்குப் போகும். அதற்கு மேல் முதலீடு ஈட்டுவது முதலோடு சேரும். சேராவிட்டால் விலைவாசி ஏற ஏற, அந்த ஒரு லட்சம் எண்ணிக்கையில் அப்படியே இருந்தாலும் மதிப்பில் கரைந்துபோகும். பெரிய பல்கலைக்கழகங்களின் எண்டோமென்ட்களும் நான்கு, ஐந்து விழுக்காட்டு அளவில்தான் எடுத்துச் செலவழிக்கின்றன.

மரத்துக்கு ஏன் இப்படிப்பட்ட பணம்? ஒரு கிளையை வெட்டிப் பாருங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு வளையம் தெரியும். கிளைக்கழுத்து என்று சொல்லலாம். ஒரு காலத்தில் அந்தக் கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு ஒட்ட வழித்து வெட்டிவிட்டு, மேலே தாரோ பெயிண்டோ பூசுவதுதான் நல்ல வேலை என்று சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்கவும் நேர்த்தியாக இருக்கும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ, ரம்பத்தால் மரங்களை நீளவாக்கில் பிளந்து பிளந்து பார்த்து வேறொன்றைச் சொன்னார். மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. மரம் அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அங்கேயே அடைத்துவிட்டு, அதற்கு மேல் புதிய மரத்திசுவை வளர்த்துக்கொள்கிறது. கழுத்தை வெட்டினால் அந்தச் சுவரையே இடித்ததாகிவிடும். பெயிண்ட் அழுகலைத் தடுப்பதும் இல்லை. இந்த விளக்கம் 1977-ல் முழு வடிவில் வெளியானது.

இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க, இன்று வெட்டிய காயத்தைப் பல வருடம் கழித்துப் பிளந்து பார்த்தாக வேண்டும். ஷிகோ அரசுச் சம்பளத்தில் இருந்தார், காத்திருந்தார். மற்றவர்கள்? ஆய்வு நல்கைகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்தில் முடிந்துவிடும். அதற்குள் காயம் மூடியே இருக்காது. மரம் நடுவதற்கென்றால் பணமும் வரும், படமும் எடுப்பார்கள். நட்ட மரத்தின் வேரும் கிளையும் என்ன ஆகின்றன என்று பார்ப்பதற்கு அவ்வளவு கூட்டம் சேராது. அதனால்தான் ட்ரீ ஃபண்ட்காரர்கள் 'டூர் டெ ட்ரீஸ்' என்று ஒரு நெடுந்தூர சைக்கிள் பயணம் நடத்தி, மிதித்து மிதித்துப் பணம் சேர்க்கிறார்கள்.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். ஆங்கில 'எண்டோ' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது லத்தீனின் 'தோஸ்'. அதன் பொருள் சீதனம். மணப்பெண்ணோடு அனுப்பும் சொத்து. ஆங்கிலத்தில் வரதட்சிணைக்கு வழங்கும் 'டௌரி'யும் இதே குடும்பம். பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிய சொத்து, மடத்துக்கும் கல்லூரிக்கும் எழுதிவைக்கும் சொத்தாகப் பொருள் விரிந்தது. இன்னும் ஆழத்தில் 'கொடு' என்ற இந்தோ-ஐரோப்பிய வேர். வடமொழித் 'தானம்' முளைத்ததும் அதிலிருந்துதான். நம் 'தா'வும் ஒலியில் அப்படியே இருக்கிறதே என்று ஆசையாக இருக்கும். ஆனால் அது திராவிட வேர். ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

ஆக ஆங்கிலச் சொல்லின் வேரில் கொடுப்பது இருக்கிறது, முதலைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு இல்லை. அது வழக்கத்தில் பின்னால் வந்து ஏறிய பொருள். தமிழில் அந்தக் கட்டுப்பாட்டையே பெயராக வைத்திருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். கோயிலில் அணையா விளக்கு ஒன்று எரிக்க, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். அவற்றை வளர்ப்பவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும்தான். ஆனால் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருப்பதால், கணக்கில் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. ஆடுதான் முதல், நெய்தான் செலவு. எண்டோமென்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. பணமாகக் கொடுத்தால் அதற்கு 'முதல்', அதிலிருந்து வரும் வட்டிக்குப் 'பொலிசை'. ஏற்பாட்டின் மொத்தப் பெயர் 'நிவந்தம்'. கால எல்லை, சந்திர சூரியர் உள்ளவரை.

இவ்வளவு வைத்திருந்தும் இன்று நம் கையில் பெரும்பாலும் இருப்பது 'அறக்கட்டளை' ஒன்றுதான். அதிலும் குறை சொல்ல முடியாத சொல் அது. 'கட்டளை' என்றால் உத்தரவு மட்டுமில்லை, அளவு, வரையறை என்றும் பொருள். பொன்னை உரசிப் பார்க்கும் கட்டளைக்கல் குறளிலேயே வருகிறது. இன்ன பணம், இன்ன காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்துக் கொடுப்பது கட்டளை. பல்கலைக்கழகங்களில் 'அறக்கட்டளைச் சொற்பொழிவு' என்கிறோமே, அங்கே அது சரியாக எண்டோமென்ட் என்ற பொருளில்தான் நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால், டிரஸ்டுக்கும் அதையே வைத்துவிட்டோம், ஃபவுண்டேஷனுக்கும் அதையே வைத்துவிட்டோம். ட்ரீ ஃபண்டின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் ஆய்வு டிரஸ்ட் ஒன்று, தேசிய ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பாளர்) ஃபவுண்டேஷன் ஒன்று, இரண்டும் 2002-ல் இணைந்துதான் எண்டோமென்ட் என்று பெயரிலேயே கொண்ட இந்த அமைப்பு வந்தது. தமிழில் எழுதிப் பாருங்கள்: ஓர் அறக்கட்டளையும் இன்னோர் அறக்கட்டளையும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை ஆனது!

அரசு வழக்கில் இன்னொரு சொல் இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறை. அதன் ஆங்கிலப் பெயரில் 'எண்டோமென்ட்ஸ்' என்று இருக்கும் இடத்தில்தான் இங்கே 'அறநிலையம்'. நல்ல சொல்தான், ஆனால் 'நிலையம்' என்றதும் இன்று பேருந்துதான் வந்து நிற்கிறது. 'மர ஆய்வு அறநிலையம்' என்றால் கட்டடத்தைத் தேடுவார்கள்.

என் ஓட்டு 'நிலைநிதி'க்கு. நிலைத்து நிற்கும் நிதி என்பது சொல்லிலேயே தெரிகிறது, வாயிலும் தடுக்கவில்லை. வங்கியின் நிலை வைப்போடு குழம்பாதா என்பார்கள். கொஞ்சம் குழம்பும். ஆனால் இரண்டிலும் முதல் தொகையில் கை வைக்காமல் இருப்பதுதான் சங்கதி, அதனால் அந்தக் குழப்பம் பெரிய கேடு செய்யாது. டிரஸ்டுக்கு அறக்கட்டளையே இருக்கட்டும், அதை இனி மாற்ற முடியாது. கிராண்டுக்கு நல்கை, டொனேஷனுக்கு நன்கொடை. கார்பஸுக்கு, அதாவது தொடாமல் வைக்கும் அந்தத் தொகைக்கு, மூலநிதி என்கிறார்கள், எனக்குப் பழைய 'முதல்' போதும்.

பயன்படுத்திப் பார்த்தால்தானே தெரியும். பாஸ்டனில் உள்ள ஆர்னால்டு மரத்தோட்டத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் ஆர்னால்டு என்ற வணிகர் உயிலில் விட்டுப்போன பணத்தை நிலைநிதியாகக் கொண்டு 1872-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. அந்த மண்ணில் திறந்தவெளியில் வளரக்கூடிய எல்லா மரங்களையும் செடிகளையும் வளர்க்க வேண்டும் என்பது கட்டளை. முதல் இயக்குநர் சார்லஸ் சார்ஜென்ட் 1873 முதல் 1927 வரை அதே பதவியில் இருந்தார். 1882-ல் நகராட்சியோடு போட்ட குத்தகை எத்தனை வருடத்துக்குத் தெரியுமா? 1,000 வருடம். சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.