கொள்கைப் பிடிவாதத்துக்கு மதிப்பெண் போட முடியுமா?

"போருக்குக் காரணம் தலைவரின் கொள்கைப் பிடிவாதமா, சூழ்நிலையா? இதையெல்லாம் அறிவியலால் அளக்க முடியுமா?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். முழுதாக அளக்க முடியாது. ஆனால் அதில் ஒரு பகுதியை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் என்பதால் அதையே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இதற்கு ஆங்கிலத்தில் integrative complexity என்று பெயர்; பல பக்கங்களையும் பார்த்து இணைத்து யோசிக்கும் திறன் என்று வைத்துக்கொள்ளலாம். பீட்டர் சூட்ஃபெல்ட், பிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர்கள் 1970களில் இதைப் போர் நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தினார்கள். தலைவர்களின் பேச்சு, கடிதம், தந்தி இவற்றிலிருந்து பத்தி பத்தியாக எடுக்க வேண்டும். யார் சொன்னது என்பதை முடிந்தவரை மறைத்துவிட்டு, பயிற்சி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொரு பத்திக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார்கள். இருவர் தனித்தனியே போட்டது பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள். இதில் என்னை மயக்கும் விஷயம், என்ன சொன்னார் என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. எப்படி யோசித்தார் என்பதற்குத்தான். போர் வேண்டும் என்பவர் 5 வாங்கலாம், சமாதானம் பேசுபவர் 1 வாங்கலாம்.

சடை பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் முடியை மூன்று பிரியாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகுதான் பின்ன முடியும். ஒரே பிரியை எவ்வளவு முறுக்கினாலும் சடை வராது. இங்கே பிரி என்பது பிரச்சினையின் ஒரு பக்கம், பின்னல் என்பது அந்தப் பக்கங்களை இணைத்து யோசிப்பது.

இரண்டு ஊருக்குப் பொதுவாக ஒரு வாய்க்கால் இருக்கிறது, தண்ணீர்த் தகராறு. "மேலூர்க்காரர்கள் தண்ணீர்த் திருடர்கள், மதகை உடைத்தால்தான் வழிக்கு வருவார்கள்" என்றால் 1. "நம் பயிர் காய்கிறது, ஆனால் அவர்களும் நாற்று விட்டுவிட்டார்கள்" என்றால் 3. இரண்டு பிரி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் பின்னவில்லை. "நாற்றுக்கு அவர்களுக்குப் பத்து நாள் தண்ணீர் போதும். அதை இப்போது விட்டால், கதிர் வரும் நேரத்தில் நமக்கு முழு முறை கேட்கலாம்" என்றால் 5. ஏரி, மழை, இரண்டு ஊர் உறவு என்று எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகப் பார்த்துப் பேசினால் 7. அது அபூர்வம். 2, 4, 6 எல்லாம் நடுவழி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, முதல் உலகப் போர் வெடித்த 1914இலும் 1950 கொரியப் போரின்போதும் தலைவர்கள் வாங்கிய மதிப்பெண் குறைவாக இருந்தது. போரில்லாமல் முடிந்த 1911 மொராக்கோ, 1948 பெர்லின், 1962 கியூபா நெருக்கடிகளில் அதிகமாக இருந்தது. இன்னொன்றும் கவனியுங்கள்: நெருக்கடி முற்ற முற்ற 1914இல் மதிப்பெண் இறங்கியது, 1962இல் ஏறியது. போர் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதால்தான் மதிப்பெண் இறங்கியதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எது காரணம், எது விளைவு என்று எண்கள் மட்டும் சொல்லிவிடாது.

ஆனால் 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்த நேரத்தில், வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் கென்னடி ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இருக்கின்றன. 19ஆம் தேதி விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே, குண்டு போடாமல் கடல் முற்றுகையோடு நிற்பது கிட்டத்தட்ட மியூனிக் சமரசம்போல மோசமானது என்கிறார். 1938இல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த கதை அது. விட்டுக்கொடுத்தால் போர் வரும் என்ற ஒரே பிரி. 27ஆம் தேதி, பேசி ஏவுகணைகளை எடுக்கவைக்க முடியாது என்று கென்னடியே சோர்ந்து பேசுகிறார். முன்பு மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த லூவெலின் தாம்ப்சன், "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று மறுக்கிறார். கியூபாவைப் படையெடுப்பிலிருந்து காப்பாற்றினேன் என்று சோவியத் தலைவர் குருஷேவால் சொல்லிக்கொள்ள முடிந்தால் போதும், அவர் இறங்கி வருவார் என்பது தாம்ப்சனின் வாதம். எதிரிக்கு என்ன தேவை, அதில் நமக்கு எது நஷ்டமில்லை என்று இரண்டையும் பின்னிய வாக்கியம் அது. நான் மதிப்பெண் போட்டால் லெமேவுக்கு 1, தாம்ப்சனுக்கு 5. மறுநாள் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

சரி, பிடிவாதமான கொள்கை ஏன் பின்னலைக் குலைக்கிறது? டெட்லாக்கின் விளக்கம் எளிமையானது. ஒருவருக்கு உயிர்ச்சேதமும் முக்கியம், நாட்டின் மானமும் முக்கியம் என்றால் இரண்டும் மோதும். மோதும்போது எடைபோட்டே ஆக வேண்டும், அந்த உழைப்புதான் பின்னல். ஒரே ஒரு மதிப்பீடு மற்ற எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்துவிட்டால் மோதலே இல்லை, அப்புறம் எடைபோட என்ன இருக்கிறது? தூக்கமின்மையும் அவசரமும்கூட இதையே செய்யும். 1914 ஜூலை 31 அன்று ஜெர்மனி ரஷ்யாவுக்குக் கொடுத்த கெடு வெறும் 12 மணி நேரம். அவசரம் சில நாளுக்குச் செய்வதைக் கொள்கைப் பிடிவாதம் ஆயுளுக்கும் செய்துவிடுகிறது.

இந்த ஆய்வுக்குக் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம். பேச்சுகளும் பொறுமையான மாணவர்களும் போதும். நம் நாடாளுமன்ற விவாதங்கள் எழுத்தில் அப்படியே இருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்கள் சமூக அறிவியலுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் நாளைக்கே தொடங்கலாம். எல்லையில் பதற்றம் வந்தால் கிரக நிலையைப் பார்த்து "போர் வரும்" என்று சொல்பவர்களைத் தொலைக்காட்சியில் உட்காரவைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. போரை முடிவு செய்பவர்கள் மனிதர்கள். அவர்கள் பேசியது நம் கையில் இருக்கிறது.

அந்த மாணவிக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குறைந்த மதிப்பெண் என்றால் தவறான முடிவு என்று அர்த்தமில்லை. டெட்லாக் பிறகு சர்ச்சிலின் 1930களின் பேச்சுகளையும் எடுத்துப் பார்த்தார். ஹிட்லரை நம்பாதே என்று சொன்னபோதும் சர்ச்சிலின் மதிப்பெண் அவரை எதிர்த்தவர்களைவிடக் குறைவு. இந்தியாவுக்குத் தன்னாட்சி கூடாது என்று சண்டை போட்டபோதும் குறைவுதான்.