செம்பெயர்ச்சி எதை அளக்கிறது?

வடசென்னையில் எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகும் ஆங்காங்கே மஞ்சள் சோடியம் விளக்குகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் ஒளியைப் பழைய சி.டி. ஒன்றின் பளபளக்கும் பக்கத்தில் சரித்துப் பார்த்தால், விரியும் நிறமாலையின் மஞ்சள் பகுதியில் மெல்லிய கறுப்பு இடைவெளி தெரியும். விளக்கின் நடுவில் பிறக்கும் 589 நானோமீட்டர் ஒளியை, ஓரத்தில் சற்றுக் குளிர்ந்திருக்கும் சோடிய ஆவியே உறிஞ்சிக்கொள்வதால் உண்டாவது அது.

விண்மீன் மண்டலங்களின் நிறமாலையிலும் இதே சோடியக் கோடு உண்டு. தொலைவிலுள்ளவற்றில் மட்டும் அது இடம் மாறியிருக்கும். 589-இல் இருக்க வேண்டிய கோடு 648-இல் இருந்தால் அலைநீளம் 10 விழுக்காடு நீண்டிருக்கிறது, அதாவது கோடு சிவப்புப் பக்கம் நகர்ந்த விகிதமான செம்பெயர்ச்சி 0.1. ஒரே கோட்டை நம்பி இப்படிச் சொல்லிவிட முடியாது. ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் கோடும் அதே விகிதத்தில் 722-க்கு நகர்ந்திருக்க வேண்டும்.

செம்பெயர்ச்சியை அளப்பது எளிது, தொலைவை அளப்பதுதான் பெரும்பாடு. துடிக்கும் காலத்தைக் கொண்டே உண்மைப் பிரகாசத்தைக் காட்டிக்கொடுக்கும் செஃபீட் விண்மீன்களின் இயல்பை வானியலாளர் ஹென்றியேட்டா லீவிட் 1912-இல் வெளியிட்டார். அதன் துணையோடு தொலைவுகளைக் கணித்த எட்வின் ஹபிள், தொலைவு கூடக் கூடச் செம்பெயர்ச்சியும் கூடுவதை 1929-இல் காட்டினார். செம்பெயர்ச்சியை மண்டலங்கள் நம்மைவிட்டு விலகும் வேகமாகக் கொண்டால், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் அந்த வேகம் நொடிக்கு எவ்வளவு கிலோமீட்டர் கூடுகிறது என்பதில் இன்றும் வழக்கு தீரவில்லை: செஃபீட், சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) வழியே சுமார் 73, பெருவெடிப்பின் மிச்ச ஒளியான பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் வழியே சுமார் 67.

இந்த 'வேகம்' என்ற சொல்லில்தான் குழப்பமே தொடங்குகிறது. கொருக்குப்பேட்டை கேட்டைக் கடந்து விலகும் ரயிலின் ஹாரன் தணிந்து ஒலிப்பதை உவமையாகச் சொல்வார்கள். அருகிலுள்ள மண்டலங்களுக்கு அது போதும். தொலைவுக்குப் போதாது. ஹாரனின் மாற்றத்தை ஒலி கிளம்பும் கணத்தில் ரயிலுக்கு இருந்த வேகம் தீர்மானிக்கிறது. விண்மீன் மண்டலத்தின் ஒளியோ, வரும் வழியெல்லாம் அண்டவெளி விரிய விரிய, தானும் சிறுகச் சிறுக நீள்கிறது. ஆகவே செம்பெயர்ச்சி 1 என்றால், அந்த ஒளி புறப்பட்டபோது மண்டலக் கூட்டங்களுக்கு இடையிலான தொலைவு இன்றுள்ளதில் பாதியாக இருந்தது என்று பொருள். ஈர்ப்பால் பிணைந்த அருகாமை மண்டலங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமெடா நம்மை நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

விரிவே இல்லாமல், ஒளி வழியில் ஆற்றலை இழந்துதான் சிவந்திருக்குமோ என்ற ஐயமும் ஒரு காலத்தில் இருந்தது. அப்படியானால் நிறம் மட்டும் மாறியிருக்க வேண்டும். ஆனால், அருகில் 20 நாளில் மங்கும் வகைச் சூப்பர்நோவா, செம்பெயர்ச்சி 0.5 உள்ள தொலைவில் மங்குவதற்கு ஏறத்தாழ 30 நாள் எடுத்துக்கொள்கிறது. நிறத்தோடு காலமும் அதே 1.5 மடங்கு நீண்டிருப்பதால், காரணம் விரிவுதான்.