சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார். மகள் கல்யாணப் படங்கள், பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். இரண்டு வாரமாகவே ஃபோட்டோ ஃபோல்டரைத் திறந்தால் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். "அண்ணன் பையன் யூடியூப் பார்த்து ராத்திரி பூரா செக்டிஸ்க் ஓடவிட்டான் தம்பி, காலையில டிரைவே காட்டல" என்றார். திட்டவும் மனசு வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

செக்டிஸ்க் என்பது விண்டோஸோடு வரும் டிஸ்க் சரிபார்க்கும் புரோகிராம், உங்கள் படங்களைக் காப்பாற்ற எழுதப்பட்டது இல்லை, இதை எத்தனை தடவை சொல்வது? கணக்குப்பிள்ளை மாதிரி அது, ஃபைல்களின் பதிவேடு சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அதற்கு. கணக்கு உதைக்கிற இடத்தில் பதிவையே வெட்டிவிட்டு, மிஞ்சிய துண்டுகளுக்கு ஒரு நம்பர் போட்டு ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். போதாததற்கு கட்டளையோடு 'ஸ்லாஷ் ஆர்' (/r) சேர்த்து ஓட்டினால் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் படித்துப் பார்க்கும். ஏற்கெனவே தள்ளாடுகிற ஹெட்டை (தட்டைப் படிக்கிற முனை அது) விடிய விடிய ஓடவைத்தால் அது என்ன ஆகும்? ஓட்டைக் குடத்தை அடைக்க உட்காரும் முன் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிவைப்பீர்களா, மாட்டீர்களா?

"ஃபார்மட் பண்ணினால் பேட் செக்டர் போய்விடும்" என்பது இதே யூடியூப் கூட்டத்தின் இன்னொரு கண்டுபிடிப்பு. பேட் செக்டர் என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன சின்ன இடம். போன மாதிரி தெரியும், அதுதான் வினை. டிஸ்க்கில் கொஞ்சம் உபரி செக்டர்கள் உண்டு. கெட்ட இடத்தில் எழுதப்போகும்போது டிஸ்க் சத்தமில்லாமல் உபரியில் எழுதிக்கொள்ளும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடி எல்லாவற்றையும் அதிலேயே போடுவீர்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுக்க சைபர் எழுதுகிற வேலை, அதற்கப்புறம் என்னிடம் வந்தாலும் சரி, பெரிய லேபுக்குப் போனாலும் சரி, ஒன்றும் கிடைக்காது. பிழைத்துவிடும் என்று டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் ஹெட் மிதக்கிறது, அங்கே ஈரம்!

சரி, என்னதான் செய்வது?

டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஒன்றுமே செய்யாதீர்கள். பவரை நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், தட்டாதீர்கள், "ஒரே ஒரு தடவை" என்று மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். அது தூசியில்லாத சுத்த அறை உள்ள ரெக்கவரி லேபின் வேலை. பல ஆயிரம் ஆகும், அந்தப் படங்களுக்கு அது தகுமா என்பது உங்கள் முடிவு.

சத்தமில்லை, மெதுவாக இருக்கிறது, அடிக்கடி ஹேங் ஆகிறது என்றால் டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் காட்டினால், கெட்ட செக்டர் கணக்கைக் காட்டும் 05, சி5, சி6 வரிகளில் சைபருக்குப் பதில் எண் ஏறியிருந்தால், அன்றைக்கே காப்பி எடுக்க வேண்டும். (சி7 மட்டும் ஏறுகிறதென்றால் பெரும்பாலும் டிஸ்க்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கோளாறு, புதுக் கேபிள் மாற்றிப் பாருங்கள். இதற்கே புது டிஸ்க் விற்றுவிடுகிற கடைகளும் உண்டு.) நீலம் காட்டினாலும் ரொம்ப நம்பாதீர்கள், நீலத்திலேயே செத்த டிஸ்க்கை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸை ஓட்டாதீர்கள், ஓட ஓட எழுதிக்கொண்டே இருக்கும். வேறு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள். படம், பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ். சினிமாவெல்லாம் அப்புறம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது செக்டிஸ்க் தானாக ஆரம்பிக்கப் பார்த்தால், அந்தச் சில விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அமுக்கித் தவிர்த்துவிடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், கெட்ட டிஸ்க்கைக் காப்பி எடுக்கவே உள்ள டிடிரெஸ்கியூ என்ற புரோகிராமை ஓட்டச் சொல்லுங்கள். நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கிற இடத்துக்குக் கடைசியில் திரும்பும், எதுவரை வந்தோம் என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும்.

அப்புறம், தயவுசெய்து கேளுங்கள், டி டிரைவ் பேக்கப் இல்லை. சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தது. வாத்தியாரும் "டி-யிலயும் ஒரு காப்பி இருக்கு தம்பி" என்றுதான் தைரியமாக ஆரம்பித்தார். வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை காப்பி போட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள்.

அவர் டிஸ்க் மூன்று நாளாக என் லினக்ஸ் மெஷினில் ஓடுகிறது, விட்டு விட்டுத்தான் பிடிக்கிறது. ஃபவுண்ட் ஃபோல்டரிலிருந்து வந்த நம்பர் போட்ட துண்டுகளுக்கு ஒவ்வொன்றாக ஜேபெக் என்று பெயர் மாற்றித் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேத்தி படங்கள் ஓரளவு தேறுகின்றன, சிலதில் நெற்றிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கல்யாண ஃபோல்டர் இன்னும் வரவில்லை. நாளைக்குச் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.