கார்பன் தேய்ந்ததா, ஆர்மேச்சரே போய்விட்டதா?

வாக்குவம் கிளீனர் சரியாக இழுக்கவில்லை என்றதும் மோட்டார் போச்சு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பை நிறைந்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் குழாயில் ஏதாவது சிக்கியிருக்கும். சத்தத்தைக் கவனியுங்கள். குழாய் அடைத்தால் மோட்டார் கீச்சென்று கத்தும். பாவம், திணறுகிறது என்று நினைப்போம். உண்மையில் தள்ளக் காற்று இல்லாததால் விசிறிக்குச் சுமை குறைந்து இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பல மாடல்களில் மோட்டாரைக் குளிரவைப்பதும் அதே காற்றுதான், அதனால் அப்படியே ஓடவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, அதாவது காயில், சூடேறிவிடும்.

சரி, கோளாறு மோட்டாரில்தான் என்றால்? வயர் வைத்த மெஷின்களில் அனேகமாக இருப்பது யுனிவர்சல் மோட்டார். நிமிடத்துக்கு 20,000, 30,000 சுற்று என்பது அதற்குச் சாதாரணம். இப்படிச் சுழலும், காயில் சுற்றிய நடுப்பகுதிதான் ஆர்மேச்சர். அதற்கு மின்சாரம் போக, அதன் முனையில் உள்ள கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் மீது இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே இருக்கும். செம்பு தேயாமல் இருக்கத்தான் கார்பனை மென்மையாக வைத்திருக்கிறார்கள், ஆகவே கார்பன் தேய்வதைப் பழுது என்றே சொல்லக்கூடாது.

தேய்ந்ததை மாற்றாமல் ஓட்டுவதில்தான் வம்பு. கார்பன் குட்டையாகக் குட்டையாக ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும், தொடர்பு விட்டு விட்டு வரும், ஸ்பார்க் அடிக்கும், அந்தப் பொறி செம்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். அப்புறம் நீங்கள் போடும் புதுக் கார்பனையும் அந்தச் செம்பு சீக்கிரமே தின்றுவிடும்.

அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் கம்யூட்டேட்டரைப் பாருங்கள். ஒரே சீராகப் பழுப்பேறி வழவழப்பாக இருந்தால் நல்லது, தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை; கார்பனை மட்டும் ஜோடியாக மாற்றினால் போதும். புதுக் கார்பன் செம்பின் வளைவுக்குப் படியும் வரை கொஞ்சம் பொறி வரும், பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கருகியிருந்தாலோ, ஓடும்போது செம்பைச் சுற்றி நெருப்பு வளையம் தெரிந்தாலோ ஆர்மேச்சர் காயில் அறுந்திருக்கலாம், ஷார்ட் ஆகியிருக்கலாம். இதற்கு ரீவைண்டிங் செய்யலாமே, அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்றலாமே என்பார்கள். 30,000 சுற்று என்றால் விநாடிக்கு 500. எடையில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் அதிர்ந்தே பேரிங்கைக் காலி செய்துவிடும். சுற்றிய பிறகு பேலன்ஸ் பார்க்க வசதி இல்லையென்றால் புது மோட்டாரே மேல்.

பேரிங் மட்டும் இரைந்தால் மாற்றலாம்தான், ஆனால் விசிறியின் மூடி பெரும்பாலும் மடித்து இறுக்கியிருக்கும், கழற்றும்போது ஒரு இதழ் வளைந்தாலும் கதை முடிந்தது. கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் எலக்ட்ரானிக் போர்டும் சேர்ந்தே வரும் என்பதால் அனேகமாக முழுசாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

மோட்டாரை மாற்றுவதானால் வாட், வோல்டேஜ், விட்டம், உயரம் எல்லாம் பொருந்த வேண்டும். ஈரமும் இழுக்கும் மெஷினில் மோட்டாரைக் குளிரவைக்கத் தனி விசிறியும் தனிக் காற்றுவழியும் உண்டு. அளவு பொருந்துகிறதே என்று அதில் சாதாரண மோட்டாரைப் போட்டால், இழுத்த ஈரக்காற்று நேராக மின்சாரம் ஓடும் காயிலுக்குள் போகும்.