கோடை முகாம் முடிந்த பிறகும் நூலகத்தில் புத்தகம் நகர வேண்டுமென்றால்

பள்ளிகள் மூடியதும் பல கிளை நூலகங்களின் வாசலில் கோடை முகாம் பேனர் ஏறிவிடும். ஐந்து நாள். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, மாறுவேடம், கடைசி நாளில் சிறப்பு விருந்தினர், சான்றிதழ், குழுப் படம். கூட்டமும் நன்றாகவே வரும். ஆறாவது நாள் இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வந்து போன பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் ஒரு புத்தகம் வீட்டுக்குப் போயிருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றால், நடந்தது நூலகக் கட்டடத்தில் ஒரு விழா, அவ்வளவுதான். அதைக் கல்யாண மண்டபத்திலேயே நடத்தியிருக்கலாம்.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கோளாறு கால அட்டவணையில் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து நாள் முகாம் என்றால் புத்தகத்தை எடுத்து, படித்து, திருப்பிக் கொண்டுவந்து, அடுத்ததை எடுக்க இடைவெளியே இல்லை. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் முகாம் மொத்தம் பத்து மணி நேரம். அதே பத்து மணி நேரத்தை வாரத்துக்கு இரண்டு நாளாக ஐந்து வாரத்துக்குப் பரப்பி, ஒவ்வொரு அமர்வையும் ஒரு மணி நேரமாக வைத்தால்கூடப் பத்து முறை வருகிறார்கள். ஒன்பது முறை திருப்பித் தருகிறார்கள். இரண்டு மணி நேர அமர்வாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நடுவில் ஒரு வாரம் பாட்டி ஊருக்குப் போய் வந்த பிள்ளைக்கும் முகாம் முடிந்துபோயிருக்காது.

பல கிளை நூலகங்களுக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். ஆகவே ஞாயிறு, புதன் என்று வைப்பது வசதி. ஞாயிறன்று வேலைக்குப் போகும் பெற்றோரே பிள்ளைகளைக் கூட்டி வர முடியும். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து வாங்க அதைவிட நல்ல நாள் இல்லை.

நேரம் காலை 9.30 முதல் 11.30. பிற்பகல் வேண்டவே வேண்டாம். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும்; பன்னிரண்டு மணிக்கு மேல் பிள்ளைகளைத் தெருவில் நடக்கவிடக் கூடாது. 30 பேருக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும், முடிந்தால் மோரும் போதும். மின்சாரம் போனால் எங்கே உட்காருவது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். வேப்பமரம் உள்ள நூலகத்துக்கு இந்தக் கவலை பாதிதான்.

அடுத்து, அதே கூடத்தில் உட்காரும் மற்றவர்கள். காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் ஒரு பக்கம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். சொல்லாமல் கொள்ளாமல் முப்பது பிள்ளைகளை உள்ளே விட்டால் முதல் நாளே சண்டை வரும், நியாயமான சண்டைதான். ஒரு வாரம் முன்பே எந்த நாள், எந்த நேரம் சத்தம் இருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். நாளிதழ் மேசையை அந்த இரண்டு மணி நேரத்துக்கு வராந்தாவுக்கு மாற்றுங்கள். தேர்வுக்குப் படிப்பவர்களில் ஒருவர் இருவரைத் தன்னார்வலராகக் கேட்டுப் பாருங்கள். மறுப்பவர்கள் குறைவு, ஒத்துக்கொண்டவர் அன்று முதல் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வதும் இல்லை.

உறுப்பினர் சேர்க்கை மார்ச் மாதத்து வேலை. பள்ளி நடக்கும்போதே தலைமையாசிரியரைப் பார்த்துப் படிவங்களை வகுப்பு வாரியாகக் கொடுத்துவிட வேண்டும். விடுமுறை விட்ட பிறகு கையெழுத்தும் கிடைக்காது, சான்றும் கிடைக்காது. காப்புத்தொகை கட்ட முடியாத வீடுகளுக்கு வாசகர் வட்டமோ ஊர்ப் பெரியவர்களோ கட்டலாம். யார் யாருக்குக் கட்டினார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது. விடுமுறைக்கு வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளை உறுப்பினர் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளூர்த் தாத்தா பாட்டியின் அட்டையில் அவர்களுக்குப் புத்தகம் கொடுக்கலாம். தாத்தாவுக்கு அட்டையே இல்லையா? அவரையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு அமர்வுக்குள் எது முன், எது பின் என்பது பலரும் கவனிக்காத விஷயம். வழக்கமாகக் கதை, கைவேலை, கடைசியில் புத்தகம் எடுத்தல் என்று வைப்பார்கள். கைவேலை எப்போதுமே நேரத்தைத் தாண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். பிள்ளைகள் காகிதக் கொக்கோடு ஓடிவிடுவார்கள், புத்தகம் மேசையிலேயே கிடக்கும். ஆகவே திருப்பித் தருதல், வாசித்துக் காட்டுதல், புத்தகத் தேர்வு, பதிவு என்ற நான்கையும் முதல் ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். கைவேலை அதற்குப் பிறகு. அது பாதியில் நின்றாலும் நட்டமில்லை.

30 பிள்ளைகள் வந்தால் தேர்வு மேசையில் 60 புத்தகமாவது இருக்க வேண்டும். முப்பதுக்கு முப்பது வைத்தால் கடைசியில் வரும் பிள்ளைக்கு மிச்சம்தான் கிடைக்கும், தேர்வு கிடைக்காது. முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரியப் பரப்புங்கள். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத சிறுவர் நூல்கள் இப்படிப் பரப்பியதும் போய்விடுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் விதியாகவே எழுதி வைத்தார். அந்த வாசகர் கண்ணில் நூல் படவாவது வேண்டாமா?

படங்களோடு கூடிய எளிய நூல்கள் போதவில்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. தரவிறக்கி அச்சிட்டுப் பயன்படுத்த அவற்றின் உரிமம் இடம் தருகிறது. எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது.

பதிவுக்கு முகாமுக்கென்று தனி நோட்டு போடுங்கள்: நூலின் சேர்க்கை எண் (நூலகம் ஒவ்வொரு நூலுக்கும் இடும் எண்), பிள்ளையின் பெயர், பெற்றோர் தொலைபேசி, தர வேண்டிய நாள். ஒரு முறைக்கு ஒரு புத்தகம். அன்று மாலையே அதை முறையான இரவல் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், கணக்குத் தணிக்கையில் காணாமல் போன நூலுக்குப் பதில் சொல்வது நூலகர்தான்.

வாசித்துக் காட்டுவதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது: பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குப் படம் தெரியாது. ஜன்னல் பிள்ளைகளின் முதுகுப்பக்கம் இருக்கட்டும். இரண்டு, முடித்ததும் “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று கேட்பது. அந்தக் கேள்வி வந்த நொடியில் அது பாடவேளை ஆகிவிடுகிறது. எந்தப் படம் பிடித்தது, அந்த நரி அப்புறம் எங்கே போயிருக்கும் என்று கேட்டுவிட்டு, அதேபோல நரி வரும் வேறு இரண்டு புத்தகங்களை மேசையில் வையுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 10 முதல் 15 நிமிடம் போதும்.

எத்தனை பக்கம் படித்தாய் என்ற போட்டியையும் விட்டுவிடலாம். மெலிந்த புத்தகமாகப் பொறுக்கி எடுத்து முதல் பரிசு வாங்கும் சாமர்த்தியம் எல்லா ஊரிலும் உண்டு. அதற்குப் பதில் எட்டுக் கட்டம் போட்ட ஒரு அட்டை: ஒரு விடுகதை நூல், ஒரு பறவை நூல், தம்பிக்கு வாசித்துக் காட்டிய ஒன்று, பாட்டியிடம் கேட்டு எழுதிய கதை என்று. முடித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பரிசு, ஒரு சிறிய புத்தகம்.

கைவேலைகளில் நாங்கள் எல்லா நூலகத்துக்கும் பரிந்துரைப்பது புத்தக மருத்துவமனை. ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பத்துப் பேர், கிழிந்த சிறுவர் நூல் பத்து. தேவைப்படுபவை ஃபெவிகால் 100 கிராம், ஓர் அங்குல பிரஷ் ஐந்து, மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாள், உள்ளங்கை அளவில் வெட்டிய பட்டர் பேப்பர் இருபது துண்டு, பழைய துணி. முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்க வேண்டும். கிழிசலின் இரண்டு ஓரங்களையும் எழுத்துப் பொருந்துமாறு சேர்த்து வைக்க வேண்டும். டிஷ்யூ தாளை விரலகலப் பட்டையாகக் கையால் கிழித்துக்கொள்ளலாம். கத்தரியால் வெட்டினால் ஓரம் கோடாகத் தெரியும். சிறிது தண்ணீர் விட்ட பசையைப் பட்டையில் மெலிதாகத் தடவி, கிழிசல் மேல் படிய வைத்து, இரு பக்கமும் பட்டர் பேப்பர் கொடுத்துப் புத்தகத்தை மூடி, மேலே கனமான நூலை ஏற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். பட்டர் பேப்பரை மறந்தால் மறுநாள் நான்கு பக்கம் ஒன்றாகக் கிடைக்கும்.

பட்டம் கட்டும் வண்ணத்தாள் கூடாது, ஈரத்தில் சாயம் இறங்கும். செல்லோடேப் அறவே கூடாது: நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி எழுத்துக்குள் இறங்கும், சில ஆண்டுகளில் டேப் உரிந்து மஞ்சள் கறை மட்டும் நிற்கும். மைதாப் பசை கரப்பானையும் இராமபாணப் பூச்சியையும் விருந்துக்கு அழைக்கும். பைண்டிங் கடைகளில் அதற்காகத்தான் மயில்துத்தம் கலப்பார்கள்; அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் அதற்கு இடமில்லை. பழைய அரிய நூல்களை இந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள். தான் ஒட்டிய புத்தகத்தைப் பெரும்பாலும் அந்தப் பிள்ளையே முதலில் இரவல் எடுக்கும். ஒட்டியவர் பெயரை உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

பண்டிகைக் காலத்துக்கு வேறு கணக்கு. பொங்கல், தீபாவளி, சரஸ்வதி பூஜை, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாமே அரசு விடுமுறை. அன்று நூலகம் பூட்டியிருக்கும். பண்டிகை நிகழ்ச்சி என்றால் அதற்கு முந்தைய வாரம்தான். லீவில் படிக்க என்று ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்புவதுதான் அதன் நோக்கமாக இருக்க வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்து அரையாண்டு விடுமுறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: சார்ட் தாளில் நட்சத்திரம் செய்வதும் பொங்கலுக்கான கோலமும் ஒரே வாரத்தில் அமையும்.

கோலத்தை நூலகத்துக்குள் போட வேண்டாம். கல்மாவு தூசியாகி அலமாரிக்குப் போகும். அரிசிமாவு எறும்பையும் எலியையும் கூட்டி வரும். வாசலில் மாவு, உள்ளே என்றால் தாளும் பென்சிலும். கோலத்தைக் கணக்கோடு சேர்த்தால் பெரிய பிள்ளைகளும் உட்காருவார்கள். இடுக்குப்புள்ளி 7-இல் தொடங்கி 4-இல் நிறுத்தினால் மொத்தம் எத்தனைப் புள்ளி? நடுவரிசை 7, இருபுறமும் 6, 5, 4, ஆக 37. நான்கின் கனம் 64, மூன்றின் கனம் 27, வித்தியாசம் அதே 37. 15 முதல் 8 வரை வைத்தால் 169. எட்டின் கனத்திலிருந்து ஏழின் கனத்தைக் கழித்தாலும் 169. ஏன் என்று யோசிக்க விட்டுவிட்டு, பக்கத்து மேசையில் கணக்குப் புதிர் நூல்களைப் பரப்புங்கள்.

நவராத்திரிக்குப் புத்தகக் கொலு வைக்கும் நூலகங்கள் உண்டு. அழகுதான். ஆனால் நல்ல நூல்களெல்லாம் ஒன்பது நாள் படியிலேயே முடங்கிவிடும். “எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒவ்வொரு படியிலும் எழுதி வைத்து, எடுக்க எடுக்க நிரப்புங்கள். சந்தனம் குங்குமத்தைப் புத்தகத்தில் வைத்தால் கறை போகாது. வீட்டில் பூஜைக்கு வைக்கும் நூலகப் புத்தகத்துக்கும் இது பொருந்தும். ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அதன் மேல் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடாத வீடுகள் பல. திருப்பித் தரும் நாள் அதையொட்டி விழாமல் பார்த்துக்கொள்வது சின்ன விஷயம், ஆனால் மரியாதையான விஷயம். விஜயதசமிக்கு அடுத்த வேலை நாளில் புதிய உறுப்பினர் சேர்க்கை வையுங்கள். பொது நூலகத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். பண்டிகையைப் பற்றிப் பேசலாம், படிக்கலாம், வரையலாம், வழிபாடு அவரவர் வீட்டில். விளக்கு, மெழுகுவத்தி எதையும் நூலகத்துக்குள் ஏற்றக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய மாலை ஜன்னல்களைச் சாத்தி, வெளியே கிடக்கும் பழைய நாளிதழ்க் கட்டுகளை உள்ளே எடுத்து வைத்த பிறகே பூட்டுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஊர்த் திருவிழாவுக்கு வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து சேர்கிறார்கள். இரண்டு டிரங்குப் பெட்டியில் நூறு புத்தகத்தைத் திருவிழா மைதானத்துக்கே கொண்டுபோகலாம். 1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் போயிருக்கிறது. நமக்கு ஒரு சின்ன வேன் கிடைக்காதா? நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டத் தன்னார்வலர்கள் இதற்குத் தோதானவர்கள்.

பாதுகாப்பில் தளர்வு கூடாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. கூட்டிப்போக வருபவர் யார் என்று வரும்போதே எழுதி வாங்குங்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் பிள்ளைகள் படத்தை வாட்ஸ்அப் குழுவிலோ செய்தித்தாளிலோ போடாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டியிருக்கட்டும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது சில புத்தகங்கள் வராமல் இருக்கும். அபராதம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அதைக் கேட்டு பயந்த பிள்ளை புத்தகத்தையும் தராது, நூலகத்துக்கும் வராது. வகுப்பு வாரியாகப் பட்டியல் எடுத்து, முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கொடுங்கள். பள்ளி வாசலில் ஒரு பெட்டி வைத்து ஒரு வாரம் விட்டால் பெரும்பகுதி வந்துவிடும். பிறகு ஜூலையில் மறுபடி பதிவேட்டைப் பாருங்கள்: முகாம் நோட்டில் இருந்த பெயர்களில் எத்தனை பெயர் இரவல் பக்கத்தில் இருக்கிறது? மாவட்ட நூலக அலுவலருக்கு அறிக்கை அனுப்பும்போது கலந்துகொண்டவர்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதுங்கள்.